குரோம்பேட்டைக்கும் கிண்டிக்கும் நடுவில் பார்க்க என்ன இருக்கிறது?

கேள்வி: எனக்கு 36 வயது. குரோம்பேட்டையில் வீடு, கிண்டியில் வேலை, தினமும் மின்சார ரயில். நாள் எப்படிப் போகிறது என்றே தெரியவில்லை, நேற்று மதியம் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால்கூட யோசிக்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நிதானம் வரட்டும் என்று வருடத்துக்கு 50 புத்தகம் படிப்பதாக முடிவு செய்தேன், ஒரு கேமராவும் வாங்கினேன். படித்தது எதுவும் மனதில் நிற்கவில்லை. கேமரா பீரோவில் தூங்குகிறது. ‘ஊட்டி, வால்பாறைன்னு போனாத்தானே எடுக்க ஏதாவது இருக்கும்’ என்கிறார் கணவர். உண்மைதானே, எங்கள் தெருவில் எடுக்க என்ன இருக்கிறது? கேமராவை விற்றுவிடலாமா?

- வாசகி, குரோம்பேட்டை

பதில்: முதலில் அந்த 50ஐ அழித்துவிடுங்கள். அலுவலகத்தில்தான் மாதாமாதம் டார்கெட் என்று உயிரை எடுக்கிறார்கள், வீட்டுக்கு வந்து படிக்கும் புத்தகத்துக்கும் அதே கணக்கு வைத்தால் பக்கத்தைத் தள்ளத்தான் தோன்றுமே தவிர படிக்கத் தோன்றாது. இந்த வருடம் நாலு புத்தகம் படித்தாலும் போதும். ஒரு பக்கம் பிடித்திருந்தால் அதையே இன்னொரு தரம் படியுங்கள், வாய்விட்டுப் படியுங்கள், வேகம் தானாகக் குறையும்.

உங்கள் கடிதத்தில் படிப்பது ஒரு பக்கம், படம் எடுப்பது ஒரு பக்கம், தினமும் போய்வரும் வழி ஒரு பக்கம் என்று மூன்றும் தனித்தனியாகக் கிடக்கின்றன. எனக்குத் தெரிந்து சிக்கலே அதுதான். உங்கள் கண்ணில் படும் இடத்தைப் பற்றியே படியுங்கள், படித்ததைப் போய்ப் பாருங்கள், பார்த்ததைப் படம் எடுங்கள்.

எங்கள் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். குரோம்பேட்டையில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் பல்லாவரம். 1863ஆம் ஆண்டு மே 30ஆம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியல் துறை அதிகாரி அங்கே, அணிவகுப்பு மைதானத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சரளைக் குழியிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். மனிதக் கை செதுக்கிய கல் அது. இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட பழைய கற்காலக் கருவி அதுதான், நம் நாட்டின் கற்கால ஆராய்ச்சியே நீங்கள் தினமும் போனைப் பார்த்துக்கொண்டு கடக்கிற அந்த ஸ்டேஷன் பக்கத்தில்தான் தொடங்கியது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பிரான்ஸில் சோம் ஆற்றங்கரைச் சரளையில் கற்கருவிகள் கிடைத்ததைப் பற்றி அப்போது அறிஞர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஃபூட் அதையெல்லாம் படித்து, இங்கேயும் இருக்குமோ என்ற யோசனையோடே அலைந்தவர். அந்தக் குழியை எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள், ஆனால் படித்துவிட்டு வந்தவர் கண்ணுக்குத்தான் சரளைக்கு நடுவில் கோடரி தெரிந்தது.

அப்புறம் திரிசூலத்தில் ஜன்னலுக்கு வெளியே ஒரு மலை வரும், மீனம்பாக்கத்தில் விமானம் தலைக்கு மேல் இறங்கும், பரங்கிமலை வரும். ஜோப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறைக் கல் கல்கத்தாவில் இருக்கிறது, அது இந்தப் பக்கத்துப் பாறைதான், அவர் பெயரையே அந்தப் பாறை வகைக்கு வைத்துவிட்டார்கள். மொத்தப் பயணம் அரை மணி நேரம்கூட இல்லை. போனைப் பைக்குள் போட்டுவிட்டு ஒரு வாரம் ஜன்னல் வழியே பாருங்கள். கூட்டத்தில் ஜன்னல் எங்கே கிடைக்கும் என்பது நியாயமான கேள்விதான், கிடைக்கிற அன்றைக்குப் பாருங்கள்.

கேமரா விஷயத்துக்கு வருகிறேன். ஊட்டிக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அங்கே போனால் எல்லாரும் எடுக்கிற படத்தைத்தான் நீங்களும் எடுத்து வருவீர்கள், ஏனென்றால் இரண்டு நாளில் ஓர் இடம் பழகாது. உங்கள் தெருவில் ஒரு புங்கமரமாவது இருக்கும் என்று நினைக்கிறேன், சென்னையில் அதற்குப் பஞ்சமில்லை. அதன் கீழே இஸ்திரி வண்டியும் இருந்தால் இன்னும் நல்லது. அந்த மரத்தை மட்டும் ஒரு வருடம் எடுங்கள், வாரத்துக்கு ஒரு முறை, ஒரே இடத்தில் நின்று. மாசி பங்குனி வாக்கில் இலையைக் கொட்டும், மொட்டையாகிவிட்டதே என்று நினைப்பதற்குள் எண்ணெய் தடவியதுபோல் மினுமினுக்கும் தளிர் வந்துவிடும், அந்த இளம்பச்சை சில நாள்தான், பிறகு இலை முற்றிக் கரும்பச்சையாகிவிடும். வெயில் ஏற ஏறப் பூக்கும். பூ உதிர்ந்து தரையில் கிடப்பதைக் குனிந்து பாருங்கள், வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்து சின்னச் சின்னதாக இருக்கும். குறுந்தொகையில் ஒரு பாட்டில், புங்கம்பூ விழுந்து கிடக்கும் மணல், முருகன் பூசாரியான வேலன் சாமியாடும் களத்தில் நெற்பொரி சிதறியதுபோல் இருப்பதாக வருகிறது. அந்தப் பாட்டைத் தேடிப் படித்துவிட்டு மறுநாள் காலையில், குப்பை கூட்டுகிறவர் வருவதற்குள் தெருவில் இறங்கிப் பாருங்கள்.

இஸ்திரிக்காரரை எடுக்க ஆசை வந்தால் அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். முதல் நாளே வேண்டாம், கொஞ்ச நாள் பேசிப் பழகுங்கள். பெட்டியைத் திறந்து கரியைக் கிளறும்போது மேலே எழும் சாம்பல், கையில் தண்ணீர் எடுத்துத் துணி மேல் தெளிக்கும் வீச்சு எல்லாம் நின்று பார்ப்பவர்களுக்குத்தான் கிடைக்கும்.

ஒரு நாளைக்கு மூன்று படம் போதும். ஃபிலிம் காலத்தில் ஒரு ரோலுக்கு 36 படம்தான், அதனால் பட்டனை அமுக்குவதற்கு முன் யோசித்தார்கள். எடுத்தவுடன் பின்பக்கத் திரையைப் பார்க்காதீர்கள், ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். யாருக்கும் அனுப்ப வேண்டாம், ஸ்டேட்டஸில் போட வேண்டாம், எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணம் வந்துவிட்டால் மரம் போய்விடும்.

மா. கிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், மயிலாப்பூரில் வாழ்ந்தவர். காட்டு யானையைக் கருப்பு வெள்ளையில் படம் எடுத்தவர் என்றுதான் பலருக்கும் தெரியும். ஆனால் அவர் காக்கை, அணில், ஓணான் என்று நம் வீட்டைச் சுற்றித் திரிவதைப் பற்றியும் அதே அக்கறையோடு எழுதினார். ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950இல் தொடங்கிய பத்தியை 1996இல் இறக்கும்வரை எழுதினார் என்றால், அவருக்குச் சரக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். தமிழிலும் எழுதியிருக்கிறார். உங்கள் நாலு புத்தகத்தில் ஒன்று அவருடையதாக இருக்கட்டும்.

இதெல்லாம் செய்தால் வேலைப்பளு குறையும் என்று நான் சொல்ல மாட்டேன். குறையாது. ராத்திரி பத்து மணிக்கு மெயில் வருவதைப் புங்கமரம் நிறுத்தாது, அதை உங்கள் மேலதிகாரியிடம்தான் பேச வேண்டும், அது வேறு கடிதம். ஆனால் நேற்று என்ன நடந்தது என்று கேட்டால் சொல்வதற்கு உங்களிடம் ஏதாவது இருக்கும், நீங்கள் ஏங்குவது அதற்குத்தான் என்று உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.

கேமராவை விற்காதீர்கள். இன்னொரு லென்ஸும் வாங்காதீர்கள். வால்பாறைக்குப் பதிலாக இந்தச் சனிக்கிழமை கணவரையும் கூட்டிக்கொண்டு எழும்பூர் போய்வாருங்கள். ஃபூட் சேகரித்த பொருள்களை 1904இல் அங்குள்ள அரசு அருங்காட்சியகம்தான் வாங்கியது, கற்கருவிகளைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். பக்கத்திலேயே கன்னிமாரா நூலகம், 1896இலிருந்து இருக்கிறது. அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அதனால்தான் சனிக்கிழமை என்றேன்.