உப்புக் காற்றில் ஃபேஜ் பொடி – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

பாக்டீரியாவைக் கொல்லும் ஃபேஜ் வைரஸ்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்கள் ஊர் பாம்பன். அம்மாவுக்குப் பல வருடம் முன்பு டிபி வந்து குணமானது. ஆனால் மூச்சுக்குழல்கள் விரிந்துபோய், வருடா வருடம் சளி கட்டிக் காய்ச்சல் வருகிறது. மதுரையில் சளி கல்ச்சர் (சளியில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுத்ததில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா என்றார்கள். பல மருந்துகள் கேட்கவில்லையாம். ஃபேஜைப் பொடியாக்கி இன்ஹேலரில் உறிஞ்சலாம் என்கிறார்களே, காயவைத்தால் அது செத்துப்போகாதா? ஐப்பசி மழையில் எங்கள் வீட்டு உப்பு ஜாடியே நீர்விட்டுக் கிடக்கும். இந்த ஊரில் அந்தப் பொடி தாங்குமா? அம்மாவுக்கு எப்போது கிடைக்கும்?

(பெயர் தவிர்க்கப்பட்டது)

அன்புள்ள தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போது கிடைக்காது. உறிஞ்சும் ஃபேஜ் பொடி எதுவும் இன்னும் மருந்தாக அனுமதி பெறவில்லை. நுரையீரலுக்காக மனிதர்களிடம் நடந்த சோதனைகளிலும் பெரும்பாலும் நெபுலைசர் (மருந்தை மூச்சில் இழுக்கும் சாரலாக்கும் கருவி) வழியாகத் திரவமாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். சிட்னி பல்கலைக்கழகக் குழு சூடோமோனாஸ் ஃபேஜைப் பொடியாக்கி எலிகளின் நுரையீரலில் செலுத்தியபோது கிருமி எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. ஆனால் எலியிலிருந்து அம்மாவின் மூச்சுக்குழல் வரைக்கும் நெடுந்தூரம் இருக்கிறது.

காய்ந்தால் சாகாதா என்றீர்கள். வெறுமனே காயவைத்தால் பெரும்பகுதி செத்துத்தான் போகும். ஃபேஜின் மேலுறை புரதம். தண்ணீர்தான் அதன் வடிவத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. அதனால் உலர்த்துவதற்கு முன் ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையைக் கலக்கிறார்கள். ஈஸ்ட் போன்ற உயிர்கள் வறட்சியைத் தாங்க இதையே தமக்குள் சேர்த்துவைக்கின்றன. தண்ணீர் போன இடத்தில் சர்க்கரை புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் கண்ணாடிபோல இறுகி, ஃபேஜை அசையவிடாமல் வைத்திருக்கும். இந்தக் கரைசலைச் சூடான காற்றில் மிக நுண்ணிய துளிகளாகப் பீய்ச்சினால் நொடியில் பொடியாகிவிடும். நீர் ஆவியாகும்போது துளி குளிர்வதால், காற்றின் முழுச் சூடும் ஃபேஜைத் தாக்குவதில்லை. துகள் 1 முதல் 5 மைக்ரானுக்குள் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்க வேண்டும். பெரிதானால் தொண்டையிலேயே படிந்துவிடும், மிகச் சிறிதானால் மூச்சோடு வெளியே போய்விடும்.

உங்கள் உப்பு ஜாடிக்கு வருகிறேன். ஆய்வாளர்களுக்கும் அதுதான் பெரிய தலைவலி. ஈரம் பட்டதும் அந்தச் சர்க்கரைக் கண்ணாடி இளகிப் படிகமாகிவிடும். உள்ளே இருக்கும் ஃபேஜும் செத்துவிடும், துகள்களும் ஒட்டிக் கட்டியாகிவிடும். இதைத் தடுக்க லியூசின் என்ற அமினோ அமிலத்தைச் சேர்க்கிறார்கள். துளி உலரும்போது அது மேற்பரப்புக்கு வந்து, ஈரத்தை எளிதில் ஒட்டவிடாத தோலாகிவிடும். வறண்ட நிலையில் மூடிவைத்த பொடிகள் 20 டிகிரியில் ஒரு வருடம்வரை வீரியம் பெரிதாகக் குன்றாமல் இருந்திருக்கின்றன. ஆனால் அங்கே பொடியைச் சுற்றியிருந்த காற்றின் ஈரப்பதம் சுமார் 20 சதவீதமோ அதற்கும் கீழேயோதான். நம் கடற்கரையில் 70 சாதாரணம். ஒவ்வொரு வேளை மருந்தும் ஈரம் புகாத தனி உறையில் இருந்து, பிரித்த உடனே உறிஞ்சுவதாக இருந்தால்தான் பாம்பனில் வேலைக்காகும். டோப்ராமைசின் என்ற ஆன்டிபயாடிக் இப்படி உறிஞ்சும் பொடியாக ஏற்கெனவே சில நாடுகளில் இருக்கிறது. அதனால் இது நடக்காத காரியமல்ல.

பொடி வரவேண்டும் என்று நான் ஆசைப்படுவது நம் பக்கத்து மக்களுக்காகத்தான். திரவ ஃபேஜுக்கு ஃபிரிட்ஜ் வேண்டும், நெபுலைசருக்குக் கரண்ட் வேண்டும். சில நெபுலைசர்களின் வேகத்தில் கிருமியைப் பற்றிக்கொள்ள உதவும் ஃபேஜின் வாலே முறிந்துபோவதும் உண்டு. தொண்டியிலோ ஏர்வாடியிலோ இருப்பவர் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளக்கூடிய மருந்து என்றால் அது பொடிதான். இன்னொன்றும் உண்டு, பொடியை உறிஞ்ச நல்ல மூச்சு வேண்டும். அம்மா மிகவும் தளர்ந்திருந்தால் அவருக்கு நெபுலைசரே பொருந்தலாம்.

பொடியாக்குவதைவிடக் கடினமானது பொருத்தம் பார்ப்பது. ஒரு ஃபேஜ் எல்லா சூடோமோனாஸையும் கொல்லாது, சில ரகங்களைத்தான் கொல்லும். அம்மாவின் சளியில் வளரும் கிருமியோடு சேர்த்து வைத்துப் பார்த்துத்தான் எந்த ஃபேஜ் என்று தேர்ந்தெடுக்க முடியும். அந்தக் கிருமி எதிர்ப்பும் கற்றுக்கொள்ளும் என்பதால் சில ஃபேஜ்களைக் கலந்து, பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கோடு சேர்த்தே கொடுக்கிறார்கள். இந்தப் பரிசோதனைக்கு ராமநாதபுரத்துக்காரர் பெருநகரங்களுக்கு ஓட வேண்டியிருந்தால், பொடி மட்டும் வீடு தேடி வந்து என்ன பயன்? சளியை மாவட்டத் தலைநகரிலேயே கொடுத்துவிட்டு வரும் வசதியைத்தான் நாம் முதலில் கேட்க வேண்டும்.

அதுவரை நடக்கும் சிகிச்சையை நிறுத்தாதீர்கள். சளியை வெளியேற்றும் மூச்சுப் பயிற்சியை பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொண்டு தினமும் செய்யச் சொல்லுங்கள், அதன் பலன் பெரிது. வீட்டில் நெபுலைசர் இருந்தால், ஒவ்வொரு முறையும் கழுவி, கருவியோடு வந்த குறிப்பில் உள்ளபடி கிருமிகளை நீக்கி, நன்றாக உலரவிடுங்கள். ஈரத்தில் வளர்வதுதான் சூடோமோனாஸின் குணம். எடை குறைந்தாலோ சளியில் ரத்தம் வந்தாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டி, டிபி திரும்பியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கல்ச்சர் ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக ஒரே ஃபைலில் வையுங்கள். எந்த மருந்து எப்போது கேட்டது, எப்போது கேட்காமல் போனது என்று அடுத்த டாக்டர் அதில்தான் தேடுவார்.