கடைசி நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

கேள்வி: நானும் கணவரும் ஆண்டுக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு வெளிநாட்டு நகரத்தைச் சுற்றிப் பார்க்க ஐந்து நாள் போய்வருவோம். முதல் நான்கு நாள் நன்றாகத்தான் போகும். ஐந்தாம் நாள்தான் தகராறு. அறையைக் காலை 11 மணிக்குக் காலி செய்தாக வேண்டும். விமானமோ இரவு 9.40க்கு. "ஒரு பகல் முழுக்க இருக்கே, விட்டுப்போன மூன்று இடத்தையும் பார்த்துவிடலாம்" என்பார் அவர். எனக்கு அதற்குள் கால் வலி வந்திருக்கும். நாலு கடை பார்த்துவிட்டு எங்காவது உட்கார்ந்தால் போதும் என்றிருக்கும். போன இரண்டு பயணத்திலும் பெட்டியை இழுத்துக்கொண்டு அலைந்து, கடைசியில் ஒருவரோடு ஒருவர் பேசாமல்தான் விமானம் ஏறினோம். அடுத்த மாதம் மறுபடி கிளம்புகிறோம். அந்த ஒரு நாளை எப்படித் திட்டமிடுவது?

பதில்: உங்கள் கணவர் மீதும் தப்பில்லை, உங்கள் கால் மீதும் தப்பில்லை. தப்பு கணக்கில் இருக்கிறது. பயணங்களுக்கு ஏற்பாடு செய்து கொடுப்பது என் தொழில்; கடைசி நாளை எல்லோரும் காலையிலிருந்து எண்ணுவதைத்தான் பார்க்கிறேன். அதை விமான நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். உங்கள் 9.40ஐயே எடுத்துக்கொள்வோம்.

வெளிநாட்டு விமானம் என்பதால் மூன்று மணி நேரம் முன்பே, அதாவது 6.40க்கு, விமான நிலையத்தில் இருக்க வேண்டும். நகரத்திலிருந்து அங்கே போக ஒரு மணி நேரம் என்று வைத்தால் 5.40. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வந்த அன்று விடிகாலை 6 மணிக்கு 35 நிமிடத்தில் ஊருக்குள் வந்துவிட்டதை மனதில் வைத்துக்கொண்டு, திரும்பும்போதும் அதே 35 நிமிடம் என்று நம்புவார்கள். நீங்கள் கிளம்புவதோ அலுவலகம் விடும் நேரம். அதனால் இன்னொரு அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்: 5.10. ஹோட்டலுக்குத் திரும்பி, பெட்டியை வாங்கி, முகம் கழுவி, வாங்கிய பொருளை உள்ளே திணித்து, டாக்ஸிக்குக் காத்திருக்க 40 நிமிடம்: 4.30. கடைசியாக நின்ற இடத்திலிருந்து ஹோட்டலுக்கு வர அரை மணி நேரம்: 4 மணி. ஆக, 11 மணிக்கு அறையை விட்டு வந்ததிலிருந்து உங்கள் கையில் இருப்பது ஐந்து மணி நேரம். அதில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், போகிற வழிக்கு அரை மணி நேரம் போனால் மிச்சம் மூன்றரை மணி நேரம்.

அவர் சொன்ன அந்த "ஒரு பகல் முழுக்க" இவ்வளவுதான். மூன்றரை மணி நேரத்தில் ஒரு இடத்தை நிம்மதியாகப் பார்க்கலாம். மூன்று இடத்தைப் பார்க்க நினைத்தால் மூன்று வரிசைகளைத்தான் பார்ப்பீர்கள். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, பயணத்தின் முதல் நாளே அவரிடம் காட்டுங்கள். ஐந்தாம் நாள் காலையில் சொன்னால் அது வாக்குவாதம் ஆகிவிடும்.

முதல் நாளே சொல்வதில் இன்னொரு லாபம் உண்டு. கட்டாயம் பார்க்க வேண்டியது எதையும் கடைசி நாளுக்குத் தள்ள மாட்டீர்கள். பெரிய அருங்காட்சியகங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை இருப்பது வழக்கம். அது எந்தக் கிழமை என்பது இடத்துக்கு இடம் மாறும். பாரிஸில் லூவ்ருக்குச் செவ்வாய் விடுமுறை, அதே ஊரில் ஆர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கள். வாடிகன் அருங்காட்சியகங்கள், மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் திறப்பதில்லை. தாஜ்மகாலுக்கு வெள்ளி. நான்காம் நாள் மூடியிருந்தால் ஐந்தாம் நாள் போகலாம். ஐந்தாம் நாள் மூடியிருந்தால் அவ்வளவுதான். மூடும் நேரத்தைப் பார்ப்பதோடு கடைசியாக உள்ளே விடும் நேரத்தையும் பாருங்கள். பல இடங்களில் மூடுவதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே டிக்கெட் கவுன்டரை அடைத்துவிடுவார்கள்.

சரி, அந்த ஒரு இடம் எது? ஹோட்டலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருப்பது, இல்லையென்றால் விமான நிலையம் போகும் திசையில் இருப்பது. ஊரின் மறுகோடியில் இருக்கும் அதிசயத்தை அடுத்த பயணத்துக்கு விட்டுவிடுங்கள். என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் இன்னொன்றும் சொல்வேன், பாதிப் பேர் கேட்க மாட்டார்கள்: கடைசி நாளில் புது இடமே வேண்டாம். முதல் நான்கு நாளில் இரண்டு பேருக்கும் பிடித்துப்போன ஒரு இடத்துக்கே திரும்பப் போங்கள். அந்த ஆற்றங்கரை பெஞ்ச், அந்தப் பூங்கா, அந்தப் பழைய தெரு. வழி தெரியும், கழிப்பறை எங்கே என்று தெரியும், எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியும். முதல் தடவை போட்டோ எடுப்பதிலேயே போன நேரம் இந்தத் தடவை பார்ப்பதற்குக் கிடைக்கும்.

இதற்கு மனோதத்துவத்திலும் ஒரு ஆதாரம் காட்டலாம். டேனியல் கானமன் என்ற உளவியலாளர், 2002இல் பொருளாதார நோபல் வாங்கியவர், 1993இல் தன் கூட்டாளிகளோடு ஒரு சோதனையை வெளியிட்டார். 14 டிகிரி குளிர்ந்த நீரில் 60 விநாடி கையை வைத்திருக்க வேண்டும். இன்னொரு முறை அதே 60 விநாடி, அதோடு கூடுதலாக 30 விநாடி. அந்த 30 விநாடியில் மட்டும் நீரின் குளிர் மெல்ல 15 டிகிரிக்கு வரும். மறுபடி செய்வதானால் எது வேண்டும் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீளமானதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். மொத்தத்தில் அதிக நேரம் குளிர்தான், ஆனால் முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது. ஐந்து நாள் உல்லாசப் பயணமும் ஒன்றரை நிமிடக் குளிர்நீரும் ஒன்றா என்று நீங்கள் கேட்கலாம், ஒன்றில்லைதான். ஆனாலும் உங்கள் கடிதத்திலேயே நான்கு நாளுக்கு ஒரு வரி, ஐந்தாம் நாளுக்கு ஏழு வரி எழுதியிருக்கிறீர்களே.

அடுத்தது, 11 மணிக்கு முன்னால் இருக்கும் நேரம். அதைத்தான் எல்லோரும் பெட்டி கட்டுவதில் தொலைக்கிறார்கள். நான்காம் நாள் இரவே கட்டி முடித்துவிட்டால், விடிகாலை 7 மணியிலிருந்து 10 மணி வரை உங்களுக்கு இனாமாகக் கிடைத்த நேரம். கூட்டமில்லாத நகரத்தைப் பார்க்க அதைவிட நல்ல வேளை கிடையாது. உங்கள் கணவரின் மூன்று இடங்களில் ஒன்று சதுக்கமோ பாலமோ கடற்கரையோ, அதாவது டிக்கெட் இல்லாத இடமாக இருந்தால், அதை இந்தக் காலை நேரத்தில் முடித்துவிடலாம். திரும்பி வந்து குளித்து, கிளம்பலாம்.

இரவு கட்டும்போது இரண்டு பேர் பெட்டியிலும் மற்றவரின் துணி ஒரு ஜோடி மாற்றி வையுங்கள். ஒரு பெட்டி வந்து சேராவிட்டாலும் சமாளிக்கலாம். எடை பார்க்கத் தராசு இல்லையென்றால் ரிசப்ஷனில் கேளுங்கள், நிறைய ஹோட்டல்களில் வைத்திருப்பார்கள். மறந்து விடுபவை எப்போதும் அதே பொருள்கள்தான்: கட்டிலுக்குப் பின்னால் இருக்கும் பிளக்கில் சார்ஜர், குளியலறைக் கதவின் உள்பக்கக் கொக்கியில் தொங்கும் துணி, அலமாரி லாக்கருக்குள் பாஸ்போர்ட். லாக்கருக்கு ஒரு வழி இருக்கிறது. இரவு படுக்கும் முன் பாஸ்போர்ட்டின் மேல் உங்கள் செருப்பில் ஒன்றை வைத்துப் பூட்டிவிடுங்கள். ஒற்றைக் கால் செருப்போடு யாரும் விமான நிலையம் போவதில்லை. பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் பலிக்கும். நடந்து பழகிய ஷூவை மட்டும் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். ஐந்தாம் நாள் கால் கேட்பது அதைத்தான்.

பெட்டியை இழுத்துக்கொண்டு அலைந்ததாக எழுதியிருந்தீர்கள். அது தேவையே இல்லை. அறையைக் காலி செய்த பிறகும் மாலை வரை பெட்டியை வைத்துக்கொள்ள அநேகமாக எல்லா ஹோட்டலும் ஒப்புக்கொள்ளும். டோக்கன் கொடுத்தால் உடனே போனில் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட், பணம், நகை, மருந்து, லேப்டாப் ஆகியவற்றை அதில் வைக்காதீர்கள். வாடகைக்கு எடுத்த அபார்ட்மென்ட் என்றால் அடுத்த ஆள் வந்துவிடுவார். அங்கே இந்த வசதி இருக்காது என்று எண்ணி, ரயில் நிலைய லாக்கரையோ லக்கேஜ் வைக்கும் கடையையோ முன்னாலேயே பார்த்து வைக்க வேண்டும். லாக்கரில் பெரிய அளவுகள்தான் முதலில் நிரம்பும். கடை என்றால் எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்பதை வாசலிலேயே படியுங்கள். சில நகரங்களில் இதைவிடச் சௌகரியம் உண்டு: ஹாங்காங், வியன்னா, கோலாலம்பூர் போன்ற இடங்களில் நகரத்து ரயில் நிலையத்திலேயே குறிப்பிட்ட விமான நிறுவனங்களின் பெட்டியை முன்கூட்டி ஒப்படைத்துவிட்டு, கையை வீசிக்கொண்டு ஊர் சுற்றலாம். உங்கள் நிறுவனம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அறையை 11க்குப் பதில் 12 அல்லது 1 மணிக்குக் காலி செய்யலாமா என்று கேட்பதானால் முந்தைய நாள் மாலை கேளுங்கள். காலையில் கேட்டால் அறைப் பட்டியல் முடிவாகியிருக்கும். அதோடு, மாலையில் கிளம்பும் முன் குளிக்க வசதி உண்டா என்றும் கேட்டு வையுங்கள். நீச்சல் குளமோ ஜிம்மோ இருக்கும் ஹோட்டலில் அந்தக் குளியலறையைத் தருவார்கள். நாள் முழுக்க நடந்த பிறகு ஒரு குளியல் போட்டால் விமானத்தில் வரும் கோபம் பாதி குறையும்.

இப்போது உங்கள் இரண்டு பேர் பிரச்சினைக்கு வருகிறேன். இரண்டு பேரும் எல்லா நேரமும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? சாப்பாட்டை 12.30க்குள் சேர்ந்து முடியுங்கள். கடைசி நாள் சண்டைகளில் பெரும்பாலானவை பசியில் தொடங்குபவை. அப்புறம் இரண்டு மணி நேரம் பிரிந்து போங்கள். அவர் தன் அருங்காட்சியகத்துக்கு, நீங்கள் உங்கள் கடைக்கும் நாற்காலிக்கும். பாஸ்போர்ட் அவரவர் கையில். சந்திக்கும் இடத்தை மட்டும் ஜாக்கிரதையாகச் சொல்லுங்கள். "வாசலில்" என்று சொல்லக் கூடாது. பெரிய கட்டடத்துக்கு நாலு வாசல் இருக்கும். உட்காரக்கூடிய ஒரு இடமாக, காத்திருந்தாலும் வலிக்காத இடமாகச் சொல்லுங்கள். சந்திக்கும் நேரம் 3.30 என்றால் போனில் சார்ஜ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 3.30. பேரம் ஒன்றும் சொல்லித் தருகிறேன்: இடத்தை அவர் முடிவு செய்யட்டும், கிளம்பும் நேரத்தை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

சில்லறை விஷயங்கள் சில. நாணயங்களைப் பணம் மாற்றும் கவுன்டரில் வாங்க மாட்டார்கள். மீதிப் பணத்தையெல்லாம் ஹோட்டல் பாக்கியில் கொடுத்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் கார்டைத் தேயுங்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு வரியைத் திருப்பித் தரும் நாடாக இருந்தால், வாங்கிய பொருளைச் சுங்கத்தில் காட்டச் சொல்லலாம். எனவே பெட்டியை ஒப்படைக்கும் முன் அந்தக் கவுன்டருக்குப் போங்கள், அதற்குத் தனியாக 45 நிமிடம் ஒதுக்குங்கள். திரவம் 100 மில்லிக்கு மேல் கைப்பையில் கூடாது என்ற விதி 2006இல் வந்தது. புது ஸ்கேனர் வைத்த சில விமான நிலையங்கள் அதைத் தளர்த்தியிருந்தாலும், நடுவில் இறங்கி மாறும் இடத்தில் பிடுங்கிவிடலாம். தேன், ஜாம், உள்ளே நீர் நிரம்பிய கண்ணாடி உருண்டை பொம்மை எல்லாமே திரவக் கணக்கில்தான். பவர் பேங்க் இதற்கு நேர்மாறு: ஒப்படைக்கும் பெட்டியில் கூடாது, கைப்பையில்தான். பொதுவான வரம்பு 100 வாட்-ஹவர். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் சுமார் 74 வாட்-ஹவர்தான், பயமில்லை.

உங்களுக்கு 9.40 விமானம் என்பதால் ஒரு ஆபத்து இல்லை. அடுத்த தடவை நள்ளிரவு விமானம் எடுத்தால் ஜாக்கிரதை. 17ஆம் தேதி 00.25க்கு விமானம் என்றால் 16ஆம் தேதி இரவே போயிருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் டிக்கெட் போடும் நான், ஒரு தடவை மனைவியோடு 17ஆம் தேதி இரவு கம்பீரமாகப் போய் நின்றிருக்கிறேன். கவுன்டரில் இருந்த பெண் டிக்கெட்டை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் காலண்டரைக் காட்டினார். அன்று எங்கள் வீட்டில் யார் யாரிடம் பேசவில்லை என்பதை நான் எழுதத் தேவையில்லை.

கடைசியாக, நான்காம் நாள் இரவு பெட்டி கட்டும்போது வீட்டுச் சாவியைத் தேடிக் கைப்பையில் போடுங்கள். போன நாளன்று பெரிய பெட்டியின் ஏதோ ஒரு பக்க ஜிப்பில் போட்டு வைத்திருப்பீர்கள், அது எந்தப் பெட்டி என்பது அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.