ஊட்டிக் குளிரில் ஹைபிரிட் ஏன் பெட்ரோல் குடிக்கிறது? வாசகர் கேள்வி – பதில்

மார்கழி பிறந்துவிட்டால் போதும், நீலகிரியிலிருந்து ஒரே மாதிரிப் புகார் வர ஆரம்பித்துவிடும். அதனால் இந்த இதழில் மலைக்காரர்களின் ஹைபிரிட் (பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார்) கேள்விகள் மட்டும்.

கேள்வி: கோவையில் இருந்தவரை என் ஹைபிரிட் கார் லிட்டருக்கு 22, 23 கொடுத்தது சார். மாற்றலாகி ஊட்டிக்கு வந்தபிறகு டிசம்பர், ஜனவரியில் 15-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. வீட்டிலிருந்து ஆபீஸ் 3 கிலோமீட்டர்தான். சர்வீஸில் கேட்டால் "எல்லாம் நார்மல்" என்கிறார்கள். பேட்டரி போய்விட்டதா? (ஊட்டி வாசகர்)

பதில்: பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை. சர்வீஸ்காரர் சொன்னது சரிதான், விளக்கிச் சொல்லத்தான் அவருக்கு நேரமில்லை போலிருக்கிறது. காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: அந்த 3 கிலோமீட்டர்.

ஹைபிரிட் கார் பெட்ரோல் மிச்சம் பிடிப்பதே முடிந்தபோதெல்லாம் இன்ஜினை அணைத்து வைப்பதில்தான். ஆனால் காலையில் 5 டிகிரியில் நின்ற காரை எடுக்கும்போது இன்ஜின் அணைய முடியாது. ஆயில் கெட்டியாக இருக்கும், இன்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்ட் திரவம் சில்லென்று இருக்கும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடேறினால்தான் வேலை செய்யும். இவையெல்லாம் பதத்துக்கு வரும்வரை இன்ஜின் ஓடிக்கொண்டேதான் இருக்கும், அதுவும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பெட்ரோலை இழுக்கும். அது பதமாகி, சரி இனி அணையலாம் என்கிற நேரத்தில் நீங்கள் ஆபீஸ் வாசலில் பார்க் செய்துவிடுகிறீர்கள். சாயங்காலம் மறுபடி முதலிலிருந்து.

இன்னொரு கள்ளன் ஹீட்டர். காருக்குள் வரும் சூடு இன்ஜின் கூலன்ட்டிலிருந்து எடுப்பது. சாதாரண காரில் இன்ஜின் எப்போதும் ஓடுவதால் அது இனாமாகக் கிடைக்கிற சூடு. ஹைபிரிட் இன்ஜினோ வீணாக்கும் வெப்பமே குறைவு, அதிலும் பாதி நேரம் அணைந்திருக்கும். அதனால் கூலன்ட் ஆறியதும் வண்டியை ஓட்ட அவசியமே இல்லாவிட்டாலும் வெறும் சூட்டுக்காக இன்ஜினை முடுக்கிவிடும். நீங்களே பார்க்கலாம்: சேரிங் கிராஸில் டிராஃபிக்கில் நிற்கும்போது திரையில் பேட்டரி முக்கால்வாசி நிறைந்திருக்கும், ஆனாலும் இன்ஜின் உறுமிக்கொண்டிருக்கும். ஹீட்டர் 28-ல் இருந்தால் அதை அணைத்துப் பாருங்கள். இன்ஜின் ஓரளவு சூடாகியிருந்தால் கொஞ்ச நேரத்தில் கப்சிப் ஆகிவிடும்.

பேட்டரியின் பங்கும் உண்டு, ஆனால் சின்னது. குளிர்ந்த பேட்டரி சார்ஜை வேகமாக வாங்கிக்கொள்ளாது, அதனால் பிரேக் பிடிக்கும்போது திரும்பக் கிடைக்கிற மின்சாரம் முதல் சில நிமிடங்களுக்குக் குறையும்.

அமெரிக்க எரிசக்தித் துறை இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 25 டிகிரியோடு ஒப்பிட்டால், மைனஸ் 7 டிகிரியில் ஊருக்குள் ஓடும் சாதாரண பெட்ரோல் கார் சுமார் 15 சதவீத மைலேஜை இழக்கும், ஹைபிரிட் 30 முதல் 34 சதவீதம் வரை இழக்கும். தலைக்குந்தாவில் உறைபனி கொட்டும் இரவில்கூட நமக்கு மைனஸ் 7 வருவதில்லை, ஆகவே குளிர் மட்டும் உங்களை இந்த அளவு கீழே தள்ளியிருக்காது. குளிர், குட்டிப் பயணம், ஊட்டியின் மேடு பள்ளம், ஹீட்டர் எல்லாம் கைகோத்துக்கொண்டதால்தான் 15. கம்பெனி விளம்பரத்தில் போடும் எண் 20 முதல் 30 டிகிரிக்குள் வெப்பம் வைத்த பரிசோதனைக் கூடத்தில், ரோலர் மேல் ஓட்டி எடுத்தது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. பிள்ளையைப் பள்ளியில் விடுவது, மார்க்கெட், பேங்க் என்று தனித்தனியாகப் போகாமல் ஒரே சுற்றில் முடியுங்கள். சூடான இன்ஜினோடு ஓடுகிற கிலோமீட்டர்தான் மைலேஜ் கொடுக்கும். ஹீட்டரை 28-ல் வைக்காமல் 20, 21-ல் வைத்து ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள், ஊட்டியில் ஸ்வெட்டருக்கா பஞ்சம்! காலையில் வாசலில் நிறுத்திப் பத்து நிமிடம் "சூடு பண்ணும்" பழக்கம் பழைய அம்பாசிடர் காலத்தோடு போகட்டும், அரை நிமிடத்தில் கிளம்பி முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினாலே போதும். ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்: முன் கண்ணாடியில் பனி படர்ந்தால் டீஃபாகரைத் தயங்காமல் போடுங்கள். அதற்காக இன்ஜின் ஓடினால் ஓடட்டும்.

கேள்வி: மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறும்போது திரையில் 11 காட்டுகிறது. இதுவும் குளிர்தானா? (மேட்டுப்பாளையம் வாசகர்)

பதில்: இல்லை. இது மலை. மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. ஆட்களோடு 1,500 கிலோ எடையை 1,900 மீட்டர் மேலே தூக்க ஏறக்குறைய 8 யூனிட் சக்தி வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் 9 யூனிட் இருந்தாலும் மூன்றில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடப் போனால் அதற்கு மேல் சற்று, அவ்வளவுதான் சக்கரத்துக்கு வந்து சேரும். ஆக உயரத்துக்கு மட்டுமே சுமார் இரண்டரை லிட்டர் போய்விடும். சமதரையில் அந்த 50 கிலோமீட்டருக்கு ஆகும் இரண்டு லிட்டரையும் கூட்டினால் உங்கள் 11 வந்துவிடுகிறதா? பேட்டரி கைகொடுக்கும் என்று நினைக்க வேண்டாம். கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் ரக ஹைபிரிட்களில் பேட்டரி முக்கால் யூனிட்தான், அதையும் கார் முழுவதுமாகக் காலி செய்யாது. பர்லியார் தாண்டும்போதே இன்ஜின் தனியாகத்தான் இழுத்துக்கொண்டிருக்கும், மேலே போகப் போகக் காற்று லேசாவதால் அதன் உச்ச பலமும் குறைந்துகொண்டே வரும். ஏற்றத்தை மட்டும் பார்த்து மனசு நோகாமல், இறங்கி வந்து மொத்தப் போக்குவரத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கேள்வி: குன்னூரிலிருந்து இறங்கும்போது ஆக்ஸிலேட்டரில் காலே வைக்கவில்லை, திடீரென்று இன்ஜின் கத்துகிறது. பெட்ரோல் வீணாகிறதே அண்ணா? (அருவங்காடு வாசகி)

பதில்: ஒரு சொட்டுகூட வீணாகவில்லை தங்கச்சி. இறக்கத்தில் மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரியை நிரப்புகிறது. முதல் சில கொண்டை ஊசி வளைவுகளிலேயே பேட்டரி நிறைந்துவிடும், அப்புறம் வருகிற மின்சாரத்தை வைக்க இடமில்லை. அதனால் கார் பெட்ரோல் ஊற்றாமலே இன்ஜினைச் சுழலவிட்டு வேகத்தைப் பிடிக்கிறது, நாம் இரண்டாவது கியரில் இறங்குவது போலத்தான். கியர் லிவரில் 'B' (இன்ஜின் பிரேக்; பார்க்கிங்குக்கான 'P' அல்ல) இருந்தால் இறக்கம் தொடங்கும்போதே போட்டுவிடுங்கள். சத்தத்துக்குப் பயந்து பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிஸ்க் சூடேறி பிரேக் பிடிக்காமல் போகும் ஆபத்து ஹைபிரிட்டுக்கும் உண்டு.

கேள்வி: வெளிநாட்டில் குளிர்காலத்தில் காரின் முன்பக்கம் காற்று நுழையும் கிரில்லை அட்டை வைத்து அடைக்கிறார்களாமே, நாமும் செய்யலாமா? (கோத்தகிரி வாசகர்)

பதில்: வேண்டவே வேண்டாம். நாள் முழுக்க உறைநிலைக்குக் கீழே கிடக்கும் ஊர்களின் வைத்தியம் அது. நீங்கள் காலையில் 8 டிகிரியில் கிளம்பி மதியம் 32 டிகிரி மேட்டுப்பாளையத்தில் நிற்பீர்கள், திரும்பி ஏறும்போது இன்ஜினுக்கு எல்லாக் காற்றும் தேவைப்படும். அட்டையை மறந்தீர்களானால் மிச்சம் பிடித்த பெட்ரோல் காசு ரேடியேட்டருக்குப் போகும்.

கேள்வி: டயர் காற்றைக் கீழே பிடிப்பதா, மேலே பிடிப்பதா? (குன்னூர் வாசகி)

பதில்: எங்கே பிடித்தாலும் டயர் ஆறியிருக்கும்போது பிடியுங்கள். கீழே 33 psi வைத்துவிட்டு மேலே வந்தால், 20 டிகிரி குளிர்ச்சியால் சுமார் 3 இறங்கும், உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜில் சுமார் 3 ஏறும். ஒன்றுக்கொன்று சரியாகிவிடும், வேடிக்கைதான். ஆனால் மேலேயே வசிப்பவர்கள் மதிய வெயிலில் பிடித்தால் விடியற்காலையில் 2 வரை குறைந்திருக்கும். குறைந்த காற்றில் டயர் இழுவை கூடும், மைலேஜ் சரியும். பங்க் பக்கத்திலேயே இருந்தால் காலையில் முதல் வேலையாகப் பிடித்துவிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் மலையில் ஹைபிரிட்டுக்கு நல்ல மாதம் எது? (வெல்லிங்டன் வாசகர்)

பதில்: ஏப்ரல், மே. பகலில் 20 டிகிரி சொச்சம், ஏசியும் வேண்டாம், ஹீட்டரும் வேண்டாம். என்ன, அப்போதுதான் சீசன் கூட்டத்தில் குன்னூர் ரோட்டில் நகரவே முடியாது. ஹைபிரிட் என்பதால் நிற்கும் நேரத்தில் பெரும்பாலும் இன்ஜின் அணைந்திருக்கும் என்கிற ஆறுதல் உண்டு.

கேள்வி: கோத்தகிரி வீட்டில் காரை மாதக்கணக்கில் நிறுத்திவிட்டுச் சென்னை வந்துவிடுகிறோம். போன தடவை போனபோது கதவே திறக்கவில்லை. இவ்வளவு பெரிய பேட்டரி இருந்துமா? (சென்னை வாசகர்)

பதில்: பெரிய பேட்டரி வண்டியை ஓட்டுவதற்கு. பூட்டு, விளக்கு, கம்ப்யூட்டர் எல்லாம் சாதாரண 12 வோல்ட் பேட்டரியில்தான் உயிர் வாழ்கின்றன. குளிரில் அதன் பலம் குறையும், சும்மா நிற்கும்போது தானாகவும் இறங்கும். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சாவி கொடுத்து, வாரம் ஒருமுறை 'ரெடி' விளக்கு எரியும் நிலையில் அரைமணி நேரம் வைக்கச் சொல்லுங்கள், ஒரு சுற்று ஓட்டினால் இன்னும் நல்லது. 'ரெடி' வராமல் பாட்டு மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள், அது இருப்பதையும் காலி செய்துவிடும். இப்போதைக்கு, ரிமோட்டுக்குள் செருகியிருக்கும் இரும்புச் சாவியை இழுத்து டிரைவர் கதவைத் திறக்கலாம்.