பிக்கப் பின்னால் உட்காருகிறதா? பட்டை போடும் முன் எடை போடுங்கள்

கேள்வி: 1.7 டன் பொலிரோ பிக்கப் வைத்திருக்கிறேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றுவேன். திருவிழாச் சமயத்தில் ஜெனரேட்டர் டிரெய்லரும் இழுப்பேன். லோடு ஏறினால் வண்டி பின்னால் உட்கார்ந்துவிடுகிறது. கமான் கட்டில் (வண்டி எடையைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகளின் அடுக்கு) இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் பட்டறைக்காரர். போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் இன்றைக்கே வேண்டாம். வழக்கமாக ஏற்றும் லோடை ஏற்றி, ஆட்களையும் உட்காரவைத்து, எடைமேடைக்குப் போங்கள். முதலில் முழு வண்டியை எடை போடுங்கள். அப்புறம் பின்சக்கரம் மட்டும் மேடையில் நிற்கும்படி இன்னொரு தடவை. இந்த இரண்டு எண்களையும் ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை, பின் ஆக்சில் எடையோடு ஒப்பிடுங்கள்.

அனுமதித்த எடையைத் தாண்டியிருந்தால் பட்டை போடுவது தீர்வே இல்லை. பட்டை வண்டியைத் தூக்கி நிறுத்தும், அவ்வளவுதான். ஆக்சில், வீல் பேரிங், பிரேக், டயர், சேஸ் எல்லாம் பழைய அளவிலேயேதான் இருக்கும். டயரின் பக்கவாட்டில் 107/105 போல ஒரு எண் இருக்கும். 107 என்றால் அந்த டயர் ஒற்றையாக ஓடும்போது 975 கிலோ தாங்கும், அதுவும் காற்று சரியாக இருந்தால். கூடுதல் பட்டை போட்டு வண்டி நிமிர்ந்து நின்றாலும் டயருக்கு இந்தக் கணக்கு மாறாது. சட்டமும் அப்படித்தான். மோட்டார் வாகனச் சட்டம் 194ஆம் பிரிவுப்படி ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. இந்த நிலையில் இரண்டு நடை அடியுங்கள், இல்லையென்றால் பெரிய வண்டிக்கு மாறுங்கள்.

எடை சரியாக இருந்தும் உட்காருகிறதா? அப்படியென்றால் வெறும் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின்சக்கர நடுவிலிருந்து நேர் மேலே பாடி விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தாலோ, பட்டையின் வளைவு போய்த் தட்டையாகத் தெரிந்தாலோ, கட்டு களைத்துவிட்டது. புதுக் கட்டு மாற்றுவதுதான் நல்லது. பழைய பட்டையை கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சி, அடித்து வளைத்துக் கொடுப்பதை ஏற்காதீர்கள். ஸ்பிரிங் இரும்புக்கு அதன் பலமே முறையாகச் சூடாக்கி, குளிரவைத்துப் பதப்படுத்தியதில்தான் இருக்கிறது. அந்தப் பதம் போய்விட்டால் பட்டை சீக்கிரமே மறுபடி தட்டையாகும், அல்லது உடையும். பட்டையில் வெல்டிங் வைப்பது இதைவிட மோசம்.

கட்டு நன்றாக இருந்து, அனுமதித்த லோடிலேயே அதிகம் தாழ்கிறது என்றால் மட்டும் பட்டை சேர்க்கலாம். இரண்டு வேண்டாம், ஒன்று போட்டுப் பாருங்கள். தடிமனைக் கட்டாயம் கேளுங்கள். பட்டையின் விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்கில் ஏறும். 7 மில்லிமீட்டருக்குப் பதில் 8 மில்லிமீட்டர் போட்டால், பார்வைக்கு ஒரே மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் அந்தப் பட்டை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விறைப்பாகிவிடும். வெறும் வண்டியில் திரும்பும்போது பின்பக்கம் துள்ளும். ஈரச் சாலையில் பிரேக் அடித்தால் சக்கரம் பிடிமானம் இழந்து வழுக்கும். அதனால் என் தேர்வு, லோடு ஏறிய பிறகே வேலை செய்யும் ஹெல்பர் பட்டைதான். பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டும், கட்டை ஆக்சிலோடு இறுக்கும் யூ போல்ட்டும் புதிதாக, போதுமான நீளத்தில் போடச் சொல்லுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி முறுக்க வேண்டும். ஷாக் அப்சார்பர் மாற்றினால் உட்காருவது நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது துள்ளலை அடக்குமே தவிர, எடையைத் தாங்காது.

பலர் கவனிக்காமல் விடுவது பின் பிரேக்கை. நிறைய பிக்கப்களில் ஆக்சிலுக்கும் சேஸுக்கும் நடுவில் ஒரு கம்பி போய், பிரேக் வால்வு ஒன்றில் சேரும். வண்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்தே அந்த வால்வு லோடைக் கணித்து, பின்சக்கரத்துக்கு பிரேக் அழுத்தத்தை அனுப்புகிறது. பட்டை சேர்த்து வண்டியை உயர்த்திவிட்டால், முழு லோடிலும் வெறும் வண்டி என்றே அது எடுத்துக்கொள்ளும். பின் பிரேக் குறையும், முன் பிரேக் மட்டும் சூடேறும். ஒட்டன்சத்திரத்திலிருந்து கொடைக்கானல் பக்கம் மலையேறி இறங்குகிறவர்கள் இதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. வேலை முடிந்ததும் கம்பெனி சர்வீஸ் சென்டரில் இந்த வால்வை செட் பண்ணச் சொல்லுங்கள். உங்கள் வண்டியில் இந்த வால்வு இருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துச் சொல்வார்கள்.

அடுத்து டிரெய்லர். டிரெய்லரை மாட்டும் கொக்கியில் விழும் எடை பின் ஆக்சிலுக்கும் பின்னால் இருப்பதால், வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கும். சக்கர இடைவெளி 3 மீட்டர், கொக்கி ஆக்சிலிலிருந்து 1.2 மீட்டர் பின்னால், அதன்மேல் 150 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் ஆக்சிலில் 210 கிலோ ஏறும், முன் ஆக்சிலில் 60 கிலோ குறையும். அதனால் ஸ்டீயரிங் லேசாகும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். இதற்காகக் கொக்கி எடையை ஒரேயடியாகக் குறைத்தாலும் ஆபத்து, டிரெய்லர் வேகத்தில் வாலாட்டும். டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் விழுவது நல்ல கணக்கு. ஜெனரேட்டரை டிரெய்லர் சக்கரத்துக்குச் சற்று முன்னால் தள்ளி வைத்துப் பார்த்தாலே இந்தக் கணக்கு பெரும்பாலும் அமைந்துவிடும். டிரெய்லரை மாட்டும் நாளில் பிக்கப் தொட்டியில் காய்கறி மூட்டையைக் குறைத்துக்கொள்ளுங்கள். டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டும், சொந்தமாக பிரேக்கும் இருக்கட்டும்.