ஒரே கோல், மூன்று பெயர்: யார் சொல்வதை எழுதுவது?

கேள்வி: இங்கிலாந்தில் நான்காம் நிலை லீகில் ஆடும் ஒரு சின்ன கால்பந்து கிளப்பின் ரசிகன் நான். எங்கள் ஆதரவாளர் சங்கத்தில் எழுபது, எண்பது வயதுக்காரர்கள் நிறைய. அவர்கள் நினைவில் இருக்கும் பழைய ஆட்டக்காரர்களைப் பற்றி ஒரு புத்தகம் போடலாம் என்று என்னிடம் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். முதல் கூட்டத்திலேயே சண்டை. ஒரு கோப்பை ஆட்டத்தில் கடைசி நிமிடக் கோலைப் போட்டது யார் என்று மூன்று பேர் மூன்று பெயர் சொன்னார்கள். மூவருமே நேரில் பார்த்ததாகச் சத்தியம் செய்கிறார்கள். யாரை நம்புவது, எப்படி எழுதுவது?

பதில்: முதலில், அந்தக் கூட்டத்தை இன்னொரு தடவை கூட்டாதீர்கள். பத்துப் பேர் உட்கார்ந்து பழைய ஆட்டங்களைப் பேசுவது அருமையான பொழுதுபோக்கு. நானும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பவன்தான். ஆனால் நினைவுகளைச் சேகரிக்க அதைவிட மோசமான இடம் கிடையாது. சத்தமாகப் பேசுகிறவர் சொன்னது நிலைத்துவிடும். தயங்கியவர் வீடு போய்ச் சேர்வதற்குள் தன் நினைவைத் திருத்திக்கொண்டிருப்பார். அடுத்த மாதம் தனியாகக் கேட்டால், கூட்டத்தில் காதால் கேட்டதைக் கண்ணால் கண்டதாகவே சொல்வார். அது பொய் இல்லை, அவருக்கு அப்படித்தான் தெரியும். மூன்று சாட்சி இருந்தது போய், ஒரே சாட்சியின் மூன்று நகல்தான் உங்கள் கையில் மிஞ்சும்.

ஆகவே ஒவ்வொருவரையும் தனித்தனியாக, அவரவர் வீட்டிலேயே போய்ப் பாருங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பதிவு செய்ய செல்போன் போதும். ஆனால் டிவியை அணைக்கச் சொல்லிவிடுங்கள், போனுக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வையுங்கள். கோலை விவரிக்கும்போது மேசையைத் தட்டாத ரசிகரை நான் இதுவரை பார்த்ததில்லை. மேசைமேல் வெறுமனே வைத்த போனில் அந்தத் தட்டல் இடி மாதிரி விழும். வயதில் மூத்தவரிடமிருந்து ஆரம்பியுங்கள், காரணம் உங்களுக்கே தெரியும்.

நேரில் பார்த்தவர் எப்படித் தப்பாகச் சொல்வார் என்ற சந்தேகம் உங்களுக்கு இருக்கும். 1972 பிப்ரவரி 5, பெரிய கிளப்பும் சின்ன கிளப்பும் மோதிக்கொள்ளும் எஃப்.ஏ. கோப்பை. லீகிலேயே இல்லாத ஹெரிஃபோர்டு யுனைடெட், அன்றைய உச்ச நிலையான முதல் டிவிஷனில் ஆடிய நியூகாசிலை 2-1 என்று வீழ்த்தியது. சேறாகிக் கிடந்த மைதானத்தில், வெகு தூரத்திலிருந்து ரோனி ராட்ஃபோர்ட் அடித்த கோல் தொலைக்காட்சியில் ஆயிரம் தடவை காட்டப்பட்டிருக்கிறது. சிறுவர்கள் மைதானத்துக்குள் ஓடி வரும் காட்சியும் அதோடு ஒட்டிக்கொண்டது. வெற்றியைத் தந்த கோல் எது என்று கேளுங்கள், நிறையப் பேர் ராட்ஃபோர்டின் பெயரைத்தான் சொல்வார்கள். அது சமன் செய்த கோல். வெற்றிக் கோலைக் கூடுதல் நேரத்தில் அடித்தவர் மாற்று ஆட்டக்காரராக இறங்கிய ரிக்கி ஜார்ஜ். அழகான கோல் பக்கத்திலிருந்த முக்கியமான கோலை விழுங்கிவிட்டது. பாவம் ரிக்கி ஜார்ஜ்.

படம் எடுக்கப்பட்ட ஆட்டத்திலேயே இப்படி என்றால், படமே இல்லாததையும் பார்த்ததாகச் சொல்வார்களா? சொல்வார்கள். 1992இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு சரக்கு விமானம் அடுக்குமாடிக் குடியிருப்பில் மோதியது. மோதிய கணத்தை யாரும் படம் பிடிக்கவில்லை. அதைத் தொலைக்காட்சியில் பார்த்தீர்களா என்று டச்சு உளவியலாளர்கள் பிற்பாடு கேட்டபோது, பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஆம் என்றார்கள். செய்தியில் படித்தது, அடுத்தவர் சொன்னது, மனம் கற்பனை செய்தது எல்லாம் சேர்ந்து ஒரே படமாகிவிடுகிறது. உங்கள் மூன்று பெரியவர்களும் அந்த ஆட்டத்தை ஐம்பது வருஷமாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். ஓட்டிய ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறியிருக்கும்.

அதனால் ‘அது யார்?’, ‘எத்தனாவது நிமிடம்?’ என்று பேட்டியை ஆரம்பிக்காதீர்கள். அது தேர்வு மாதிரி. ஒன்று தெரியவில்லை என்றாலும் மனிதர் சுருங்கிவிடுவார். நான் ஆரம்பத்தில் செய்த தவறும் அதுதான். ஒரு பெரியவரிடம் முக்கால் மணி நேரம் ஆட்டக்காரர்களின் பெயராகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ‘நல்லா ஆடுவான்’, ‘அவனும் நல்லா ஆடுவான்’ என்பதைத் தாண்டி எதுவும் வரவில்லை. கிளம்பும் நேரத்தில், சும்மா, மைதானத்தில் எந்த இடத்தில் நிற்பீர்கள் என்று கேட்டேன். மனிதர் டீ கோப்பையைத் தள்ளி வைத்தார். விரலால் மேசைமேல் செவ்வகம் போட்டார். இது கோல், இது கார்னர், இங்கே ஒரு இரும்புக் கம்பி, அதில் அப்பா என்னை உட்கார வைப்பார் என்றார். அந்தக் கம்பியிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் ஓடிய ஒரு விங்கர், அதாவது மைதானத்தின் ஓரத்தில் ஆடுபவர், பந்து வருவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் தனக்குத்தானே ஏதோ முணுமுணுப்பாராம். என்ன சொல்வார் என்று தெரிந்துகொள்ள அந்தப் பையன் ஒரு சீசன் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நான் முக்கால் மணி நேரமாகத் தேடியது போனை அணைத்த பிறகு கிடைத்தது. அதற்கப்புறம் வாசலைத் தாண்டும்வரை பதிவை நிறுத்துவதில்லை, அவரிடம் சொல்லிவிட்டுத்தான்.

சின்ன கிளப்பின் நினைவுக்கு என்றே ஒரு தனித்தன்மை உண்டு. பெரிய கிளப்பின் ரசிகர் பார்த்ததை உலகமே பார்த்தது. கீழ்டிவிஷன் ரசிகர் பார்த்ததை அவரோடு நின்ற இரண்டாயிரம் பேர்தான் பார்த்தார்கள். ஆனால் அவர்கள் பார்த்தது பக்கத்திலிருந்து. ஆட்டக்காரர் திட்டியது காதில் விழும். ரசிகர் திட்டினால் அவர் காதிலும் விழும், சமயத்தில் பதிலும் வரும். இங்கிலாந்தில் 1961 வரை எந்த ஆட்டக்காரருக்கும் வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று உச்சவரம்பு இருந்தது. அது போன பிறகும் கீழ்டிவிஷன்களில் சம்பளம் பெரிதாக ஏறிவிடவில்லை. கோடையில் வேறு வேலைக்குப் போனவர்கள், ரசிகர்கள் வந்த அதே பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் எல்லாம் உண்டு. இவற்றைக் கேளுங்கள். அவரை மைதானத்துக்கு வெளியே எங்கே பார்த்தீர்கள், யார் வீட்டுப் பக்கம் குடியிருந்தார், ஓய்வு பெற்ற பிறகு என்ன செய்தார். கோல் கணக்கு எங்காவது அச்சில் கிடைத்துவிடும், இது கிடைக்காது.

‘எல்லாரிலும் சிறந்தவர் யார்?’ என்ற கேள்வியைக் கடைசிக்கு வையுங்கள். கேட்பதற்கு முன், பதில் சொல்பவர் பிறந்த வருஷத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 2012இல் வந்த ஒரு ஆய்வில் 619 டச்சுக்காரர்களிடம் எக்காலத்துக்கும் சிறந்த ஐந்து கால்பந்து ஆட்டக்காரர்கள் யார் என்று கேட்டார்கள். அவர்கள் அதிகம் சொன்னது, தாங்கள் பதின்வயதில் இருந்தபோது ஆட்டவாழ்வின் நடுக்கட்டத்தை எட்டியவர்களை. கேட்கப்பட்டவரின் வயதில் உச்சம் தொட்டது 17. உங்கள் சங்கத்தில் எல்லோரும் 1950ஐ ஒட்டிப் பிறந்தவர்கள் என்றால், புத்தகம் தானாகவே 1967ஐச் சுற்றிப் போய் நின்றுவிடும். அதற்கப்புறம் கிளப்பில் ஆளே ஆடவில்லை என்பது போலத் தோன்றும். ஐம்பது வயதுக்காரர்கள், முப்பது வயதுக்காரர்கள் சிலரையாவது தேடிப் பிடியுங்கள். அப்பாவோடு வந்த மகள்களையும் கேளுங்கள், அவர்களை யாரும் கேட்பதே இல்லை.

சரி, சரிபார்ப்பது எப்படி? வருஷம் தெரியாத நினைவுக்கு வருஷம் கண்டுபிடிக்க விதிமாற்றங்கள் நல்ல அடையாளம். லீகில் மாற்று ஆட்டக்காரரை அனுமதித்தது 1965இல். அதற்கு முந்தைய ஆட்டத்தில் ‘மாற்றாக இறங்கி அடித்தான்’ என்று யாராவது சொன்னால் இரண்டு ஆட்டம் கலந்திருக்கிறது. வெற்றிக்கு மூன்று புள்ளி வந்தது 1981 சீசனில். ஜெர்சி எண்ணில் நிறையப் பேர் தடுமாறுவார்கள். கீழ்டிவிஷன்களில் ஒரு ஆட்டக்காரருக்கு சீசன் முழுக்க ஒரே எண் என்பது 1999இல்தான் வந்தது. அதுவரை 1 முதல் 11 வரை அன்றைக்கு ஆடிய இடத்தைப் பொறுத்த எண். ஆகவே 1970களில் ‘ஏழாம் நம்பர்காரர்’ என்றால் அன்று வலது ஓரத்தில் ஆடியவர், அடுத்த வாரம் அதே சட்டை வேறு ஒருவர் முதுகில் இருந்திருக்கலாம். உங்கள் மூவரில் ஒருவராவது எண்ணை வைத்துப் பெயரைச் சொல்லியிருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

டிவிஷன் பெயர் அதைவிடப் பெரிய குழி. 1990இல் மூன்றாம் டிவிஷன் என்றால் மூன்றாம் நிலை. 1992இல் பிரீமியர் லீக் பிரிந்து போனதும் எல்லாப் பெயரும் ஒரு படி நகர்ந்துவிட்டன, 1995இன் மூன்றாம் டிவிஷன் உண்மையில் நான்காம் நிலை. 2004இல் மறுபடி மாற்றி லீக் ஒன், லீக் டூ என்றார்கள். ‘நாங்கள் மூன்றாம் டிவிஷனில் இருந்தபோது’ என்று யார் சொன்னாலும் வருஷத்தைக் கேட்டுவிடுங்கள்.

ஆவணங்களில் 1970 முதல் வந்த ரோத்மன்ஸ் கால்பந்து ஆண்டு மலரில் ஆட்டமுடிவு, அணி, கோல் அடித்தவர் எல்லாம் இருக்கும். அதற்கு முன்பு என்றால் உள்ளூர் நாளிதழ்தான். பழைய நாளிதழ்கள் பலவற்றை 2011இல் தொடங்கிய பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்கைவில் தேடலாம், ஊர் நூலகத்தில் மைக்ரோஃபிலிமும் இருக்கக்கூடும். ஒரு எச்சரிக்கை. சனிக்கிழமை மாலையே இளஞ்சிவப்பிலோ பச்சையிலோ வந்த விளையாட்டுச் சிறப்பிதழ்களை நம்பிக் கடைசி நிமிடக் கோலை முடிவு செய்யாதீர்கள். ஆட்டம் நடக்கும்போதே நிருபர் போனில் சொல்லச் சொல்ல அச்சுக் கோத்தவை அவை. முதல் பாதி பத்தி பத்தியாக இருக்கும், கடைசிப் பத்து நிமிடம் இரண்டு வரியில் முடிந்திருக்கும். உங்கள் கேள்விக்கு அந்த இரண்டு வரிதான் வேண்டும், அதில்தான் அவசரம். அடுத்த திங்கட்கிழமை நாளிதழைப் பாருங்கள்.

அணிப் பட்டியலுக்கு, மைதானத்தில் விற்கும் ஆட்டநாள் புரோகிராம் என்ற சிறு புத்தகம் எல்லோர் வீட்டிலும் கட்டுக்கட்டாக இருக்கும். அச்சிட்ட பட்டியல் ஆட்டத்துக்குச் சில நாள் முன்பே தயாரானது, காயம் பட்டவர் பெயரும் அதில் இருக்கும். அன்று ஒலிபெருக்கியில் மாற்றம் சொல்லும்போது சில ரசிகர்கள் பென்சிலால் ஒரு பெயரை அடித்துவிட்டுப் பக்கத்தில் வேறு பெயர் எழுதுவார்கள், கோல் விழுந்தால் அடித்தவர் பக்கத்தில் ஒரு கோடு போடுவார்கள். சேகரிப்பாளர்கள் எழுத்தில்லாத பிரதிக்குத்தான் விலை அதிகம் வைப்பார்கள். உங்களுக்குக் கிறுக்கிய பிரதிதான் வேண்டும். அன்றைக்கு அந்த இடத்தில் நின்ற ஒருவர், கோல் விழுந்த சில நொடிகளில் எழுதியது அது.

எல்லாம் பார்த்த பிறகு பதிவேடு ஒரு பெயரைச் சொல்லும். மற்ற இரண்டு கதைகளையும் தூக்கிப் போடாதீர்கள். கோல் இன்னார் அடித்தது என்று எழுதுங்கள், கீழே ‘என் நினைவில் அது இன்னார்’ என்று அந்தப் பெரியவரின் வார்த்தையையும் அப்படியே போடுங்கள். ஏன் அவரைத்தான் நினைவு வைத்திருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள், அதில் ஒரு நல்ல கதை இருக்கும். ‘அப்போதே சொன்னேன், இவன் பெரிய ஆளாக வருவான்’ என்கிற வகைப் பேச்சை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஜேமி வார்டி இங்கிலாந்துக்கு ஆடிய பிறகு, அவர் முன்பு ஆடிய சின்ன கிளப்பான ஹாலிஃபாக்ஸில் அவரை ஆரம்பத்திலேயே கணித்தவர்கள் தொகை கூடியிருக்கும்.

நீண்ட காலம் ஆடியவர்களுக்கே இடம் என்றும் வைக்காதீர்கள். ஜிம்மி கிளாஸ் கார்லைல் யுனைடெட்டுக்கு ஆடியது மூன்றே ஆட்டம், அதுவும் இரவலாக வந்த கோல்கீப்பர். 1999 மே 8 அன்று, வீணான நேரத்துக்காகச் சேர்த்த நிமிடங்களின் கடைசிச் சில நொடிகளில் கார்னர் உதைக்கு முன்னால் ஓடி வந்து, எதிரணி கோல்கீப்பர் தட்டிவிட்ட பந்தை உள்ளே அடித்தார், கிளப் லீகைவிட்டு வெளியேறாமல் தப்பியது. பத்து வருஷம் ஆடியவர்களைவிட அவர் பெயர்தான் அங்கே அதிகம் நிற்கிறது.

சட்ட விஷயம் சுருக்கமாக. பேட்டி எடுத்தவுடன் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். இங்கிலாந்துச் சட்டப்படி இறந்தவர் சார்பில் அவதூறு வழக்குப் போட முடியாது, உயிரோடு இருப்பவர் போடலாம். குடி, சூதாட்டம், வீட்டுச் சண்டை பற்றிய வதந்திகளை இருவர் விஷயத்திலும் விட்டுவிடுங்கள். இறந்தவருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். புகைப்படம் உங்கள் உறுப்பினரின் ஆல்பத்தில் இருந்தாலும் உரிமை எடுத்தவருடையது அல்லது நாளிதழுடையது, கேட்டுத்தான் போட வேண்டும்.

ஞாபகமறதி நோய் வந்தவர்களை இதற்குப் பயன்பட மாட்டார்கள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஸ்காட்லாந்தில் 2009 முதல் ஃபுட்பால் மெமரீஸ் என்ற பெயரில் அப்படிப்பட்டவர்களைக் கூட்டிப் பழைய அணிப் படங்களைக் காட்டிப் பேச வைக்கிறார்கள். கேள்வி கேட்காமல் படத்தைக் கையில் கொடுங்கள். காலையில் என்ன சாப்பிட்டார் என்று சொல்லத் தெரியாதவர், முன்வரிசையில் குந்தியிருப்பவரின் பட்டப்பெயரைச் சொல்லிவிடக்கூடும்.

அந்தக் கோப்பை ஆட்டத்தின் புரோகிராம் உங்கள் மூவரில் ஒருவரிடமாவது இருக்க வேண்டும். மூன்று பேட்டியும் முடிந்த பிறகு கேளுங்கள், அதற்கு முன்னால் அலமாரியைத் திறக்க விடாதீர்கள்.