கூகுளில் தேடினால் என் மகன் வரவில்லையே!

மகன் இன்ஜினியரிங் இறுதியாண்டு. கேம்பஸ் இன்டர்வியூ நெருங்குகிறது. ‘எஸ். கார்த்திக்’ என்று கூகுளில் தேடினால் அவனைத் தவிர மற்ற எல்லாரும் வருகிறார்கள், கெஜட்டில் பெயரை மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். (அப்பா, மகன் இருவர் பெயரையும் இங்கே மாற்றியிருக்கிறேன். ஊரில் இருக்கிற கார்த்திக்குகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் அது அவசியமே இல்லைதான்!)

வேண்டாம் சார். பெயரை மாற்றினால் ஆதார், பான், பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றாக அலைய வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பழைய பெயர், ஆதாரில் புதுப் பெயர் என்று இருந்தால், வேலை கிடைத்த பிறகு நடக்கும் சரிபார்ப்பில் கெஜட் நகலைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். கூகுளுக்காக இவ்வளவு பாடு தேவையில்லை.

நடிகர் கார்த்திக், பாடகர் கார்த்திக், தினேஷ் கார்த்திக், கார்த்திக் சுப்பராஜ் எல்லாரும் நிற்கிற வரிசை அது. அவர்களுக்கு விக்கிபீடியா பக்கம் இருக்கிறது, பல வருடச் செய்திகள் இருக்கின்றன. இருபது வயதுப் பையன் அங்கே போய் இடம் பிடிக்க முடியாது, பிடிக்கவும் தேவையில்லை. ஆள் எடுப்பவர்கள் வெறும் பெயரை வைத்துத் தேடுவது அபூர்வம். லிங்க்ட்இன், நௌக்ரி போன்ற வேலைவாய்ப்புத் தளங்களில் திறன், ஊர், படிப்பு என்று வடிகட்டித்தான் ஆளைக் கண்டுபிடிக்கிறார்கள். ரெஸ்யூமே கைக்கு வந்த பிறகு கூகுளில் பார்த்தாலும், பெயரோடு கல்லூரியையோ துறையையோ சேர்த்துத்தான் போடுவார்கள். மகன் தெரிய வேண்டிய இடம் அதுதான்.

இதற்கான வழி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அந்த ‘எஸ்’ யார்? நீங்கள்தானே! எஸ். கார்த்திக் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். ‘கார்த்திக் சண்முகசுந்தரம்’ எத்தனை பேர் இருப்பார்கள்? பான் கார்டுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் விண்ணப்பிக்கும்போது இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள். அதனால் இந்த நீளப் பெயர் ஏற்கெனவே ஏதாவது ஒரு அடையாள அட்டையில் இருக்கலாம், எடுத்துப் பாருங்கள். அங்கே என்ன எழுத்துக்கூட்டலோ, அதையே ஒரு எழுத்துகூட மாறாமல் ரெஸ்யூமே, லிங்க்ட்இன், கிட்ஹப் (எழுதிய ப்ரோகிராம்களைப் போட்டுவைக்கும் தளம்), மின்னஞ்சல் எல்லாவற்றிலும் வைக்கச் சொல்லுங்கள். ஓரிடத்தில் எஸ். கார்த்திக், இன்னோரிடத்தில் கார்த்திக் எஸ், மின்னஞ்சலில் ஏதோ பட்டப்பெயர் என்று இருந்தால் மூன்றும் ஒரே ஆள் என்று யாருக்குத் தெரியும்? வேலைக்கான விண்ணப்பப் படிவத்தில் மட்டும் அவர்கள் கேட்கிறபடி, சான்றிதழில் உள்ள பெயர்தான்.

இனிஷியல் வித்தை நமக்கு மட்டும் சொந்தமில்லை. ஹாலிவுட்டில் மைக்கேல் ஃபாக்ஸ் என்ற பெயரில் ஏற்கெனவே ஒருவர் நடிகர் சங்கத்தில் பதிந்திருந்ததால், பின்னால் வந்தவர் நடுவில் ஒரு ‘ஜே’ சேர்த்து மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் ஆனார். அவருடைய நடுப்பெயர் உண்மையில் ஆண்ட்ரூ. நடிகருக்கு அது சரி. உங்கள் மகன் இல்லாத எழுத்தைச் சேர்த்தால் ஹெச்.ஆர். கேள்வி கேட்பார்.

அப்புறம், லிங்க்ட்இன் முகவரியில் பெயருக்குப் பின்னால் தானாக ஒட்டிக்கொள்ளும் எண்களை எடுத்துவிட்டு நீளப் பெயரையே வைக்கலாம், கட்டணம் கிடையாது. அந்த இணைப்பை ரெஸ்யூமேயின் தலைப்பிலேயே கொடுத்துவிட்டால் தேட வேண்டிய வேலையே அவர்களுக்கு இல்லை. கிட்ஹப்பில் இலவசமாக ஒரு பக்கம் போட்டு, பெயர், கல்லூரி, ஊர், செய்த ப்ராஜெக்ட் எல்லாம் எழுதட்டும். படமாகப் போடாமல் எழுத்தாகப் போடட்டும். கூகுள் அதைக் கண்டெடுக்கச் சில நாட்களோ வாரங்களோ ஆகும் என்பதால் இப்போதே தொடங்குவது நல்லது. மேற்படிப்பு, ஆராய்ச்சி என்று போகும் எண்ணம் இருந்தால் ஆர்சிட் (ORCID) எண் வாங்கட்டும். பதினாறு இலக்கம், இலவசம். ஒரே பெயருள்ள ஆய்வாளர்களைப் பிரித்துக் காட்டுவதற்காகவே 2012 முதல் நடைமுறையில் இருப்பது.

முதல் இடத்துக்குக் கொண்டுவருகிறோம் என்று ஒரு ஏஜென்சி பணம் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் இடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அதே பெயரில் வேறொருவர் மேல் வழக்கு இருப்பதாக ஒரு செய்தி வருகிறது என்ற பயம் நியாயமானது. ஆனால் நிறுவனங்கள் செய்யும் பின்னணிச் சரிபார்ப்பில் பெயர் ஒத்துப்போனால் மட்டும் போதாது. அப்பா பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் பார்ப்பார்கள். சந்தேகம் என்று கேட்டால் மகன் பதறாமல் அந்த மூன்றையும் எழுத்தில் கொடுத்து, அது நானில்லை என்று சொன்னால் போதும். அவர்களாகக் கேட்காத வரை இவன் அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். நீங்களும் அந்தச் செய்தியைத் தினமும் தேடிப் பார்க்காதீர்கள்.