2003 ஜிப்சி கிங்குக்கு எந்த ரிப்பேர் மேனுவல்? மொதல்ல எஞ்சின் நம்பரைப் பாருங்க

வாசகர் கேட்டது: "2003 மாடல் மாருதி ஜிப்சி கிங் எம்பிஎஃப்ஐ, செகண்ட் ஹேண்ட்ல எடுத்திருக்கேன். சின்ன வேலையெல்லாம் வீட்டுலயே பாக்கணும்னு ஆசை. சுஸுகி சாமுராய்க்கான ஹெயின்ஸ் புக் ஒண்ணு பழசு விலைக்கு வருது, அதை வாங்கவா இல்ல மாருதி சர்வீஸ் மேனுவலையே தேடவா? அம்பதைத் தாண்டினா ஸ்டியரிங் வேற ஆடுது."

சார், மாருதி மேனுவலைத் தேடுங்க. ஹெயின்ஸ் (கார் ரிப்பேர் புக் போடற பிரிட்டிஷ் கம்பெனி) நல்ல புக்குதான், கையில காசு இருந்தா ரெண்டாவதா வாங்கிக்கலாம், ஆனா உங்க எஞ்சினுக்கு அது ஆகாது.

ஜிப்சின்னு பேர் ஒண்ணுதான், உள்ள மூணு வண்டி இருக்கு. 1985-ல வந்தப்ப 970 சிசி எஃப்10ஏ எஞ்சின், 1996-ல ஜிப்சி கிங்னு வந்தது 1298 சிசி ஜி13பிஏ, 8 வால்வு, கார்புரேட்டர். 2000-ல எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதிலா இன்ஜெக்டர்ல பெட்ரோலைப் பீச்சற முறை) ஆக்கினப்ப அதே 1298 சிசிதான் ஆனா 16 வால்வு ஜி13பிபி, உங்களோடது இதுவாத்தான் இருக்கணும். இருக்கணும்னு ஏன் சொல்றேன்னா எஸ்டீம் எஞ்சின், பலேனோ எஞ்சின்னு மாத்திப் போட்ட ஜிப்சி நம்மூர்ல நெறைய ஓடுது, அதனால ஆர்சி புக்குல இருக்கற எஞ்சின் நம்பரையும் எஞ்சின் பிளாக்ல குத்தியிருக்கறதையும் ஒருதடவ ஒப்பிட்டுப் பாத்துட்டு அப்புறம் மேனுவல் தேடுங்க.

சாமுராய்ங்கறது நம்ம ஜிப்சியோட வெளிநாட்டு உறவு, அந்த புக்குல இருக்கற 1.3 எஞ்சின் 8 வால்வு. ஹெட்டு வேற, டைமிங் பெல்ட் மார்க் படம் வேற, ஃப்யூல் சிஸ்டம் சுத்தமா வேற. இதுல சேஃப்டி விஷயம் ஒண்ணு இருக்கு, எம்பிஎஃப்ஐ வண்டில எஞ்சினை ஆஃப் பண்ணதுக்கப்புறமும் ஃப்யூல் லைன்ல பிரஷர் நிக்கும், ஹோஸைக் கழட்டறதுக்கு முன்னாடி அதை எறக்கணும், எப்படி எறக்கணும்னு உங்க எஞ்சினுக்கான மேனுவல்ல முறையா போட்டிருப்பாங்க. கார்புரேட்டர் வண்டிக்கு எழுதின பக்கத்தைப் பாத்துட்டு நேரா கிளிப்பைக் கழட்டினா சூடான எஞ்சின் மேல பெட்ரோல் பீச்சும். அதோட அமெரிக்க எடிஷன்னா லெஃப்ட் ஹேண்ட் டிரைவ், ஸ்டியரிங் பாக்ஸ் எதிர்ப்பக்கம் இருக்கும், வயரிங்கும் நம்ம வண்டியோட ஒத்துப் போகாது. வாங்கறதா இருந்தா பிரிட்டிஷ் எடிஷனா பாத்து வாங்குங்க.

அப்ப ஹெயின்ஸ் எதுக்குன்னா, வண்டியை நெசமாவே பிரிச்சு மாட்டிப் பாத்து எழுதறவங்க அவங்க, எந்த போல்ட்டு எங்க ஒளிஞ்சிருக்கு, ஸ்பெஷல் டூல் இல்லாம எப்படிச் சமாளிக்கலாம்னு போட்டோவோட சொல்லுவாங்க. கம்பெனி மேனுவல் டிரெய்னிங் முடிச்ச மெக்கானிக்குக்கு எழுதினது, 09-ல ஆரம்பிக்கற டூல் நம்பரைச் சொல்லும், கழட்டினதைத் தலைகீழ் வரிசைல மாட்டுன்னு முடிச்சிடும். லீஃப் ஸ்பிரிங், ஆக்ஸில், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்குப் பவரைப் பிரிக்கற பெட்டி) இதுல எல்லாம் சாமுராயும் ஜிப்சியும் ஒரே குடும்பம்ங்கறதால அந்த சேப்டரைப் படிச்சு வேலையைப் புரிஞ்சுக்கலாம், ஆனா அளவு, டார்க் (போல்ட்டை எவ்வளவு இறுக்கணும்ங்கற கணக்கு), ஆயில் கிரேடு இதெல்லாம் உங்க மேனுவல்ல இருந்துதான் எடுக்கணும்.

மாருதி மேனுவல் பிடிஎஃப்பா கெடச்சா உடனே சந்தோஷப்படாதீங்க. சுஸுகி மேனுவல்ல மெயின் வால்யூம்னு ஒண்ணு, சப்ளிமென்ட்னு ஒண்ணு வரும், சப்ளிமென்ட்ல மாறினது மட்டும்தான் இருக்கும், மிச்சத்துக்கு மெயினைப் பாருன்னு அனுப்பிடும், அதனால அட்டைலயும் முதல் பக்கங்கள்லயும் எது எதோட சேரும்னு படிச்சுப் பாருங்க. அப்புறம் 0பி மெயின்டனன்ஸ், 6ஏ எஞ்சின் மெக்கானிக்கல், 6இ ஃப்யூல் இன்ஜெக்ஷன், 7டி டிரான்ஸ்ஃபர், 8 எலெக்ட்ரிக்கல், இந்த செக்ஷன்களைத் தொறந்து பாருங்க. வயரிங் டயக்ராம்ல வயர் கலர் எழுத்து படிக்க முடியலன்னா அந்த ஸ்கேன் பாதிக்குத்தான் உதவும்.

டார்க் யூனிட்ல கவனம். நியூட்டன் மீட்டர், கிலோ மீட்டர்னு நம்ம பட்டறைல சொல்ற கேஜி-மீட்டர், பவுண்ட்-ஃபீட் மூணும் பக்கத்துப் பக்கத்துல போட்டிருப்பாங்க. 1 கேஜி-மீட்டர்னா 9.8 நியூட்டன் மீட்டர், 1 பவுண்ட்-ஃபீட்னா 1.36 நியூட்டன் மீட்டர். பவுண்ட்-ஃபீட் எண்ணைப் பாத்துட்டு நியூட்டன் மீட்டர் ரெஞ்ச்ல வச்சா போல்ட் லூசாவே நிக்கும், மாத்தி வச்சா த்ரெட் போயிடும்.

இப்ப உங்க ஸ்டியரிங் ஆட்டம். இதுக்கு பாதிப்பேரு முதல்ல புது ஸ்டியரிங் டேம்பர் (ஆட்டத்தை அடக்கற ஷாக் அப்சார்பர் மாதிரி ஒண்ணு) வாங்கி மாட்டுவாங்க, ஆட்டம் கொஞ்சநாள் அடங்கின மாதிரி இருக்கும், காரணம் உள்ளயே இருக்கும். டயர் காத்து, வீல் பேலன்சிங் முதல்ல, அப்புறம் வீல் பேரிங், டை ராட் எண்ட், ஸ்பிரிங் புஷ், இதெல்லாம் சரின்னா கிங்பின் பேரிங் (முன் சக்கரம் திரும்பற அச்சுல இருக்கறது). நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பற பாகம்) திரும்ப எவ்வளவு இழுவை வேணும்னு மேனுவல்ல கிலோ கணக்குல இருக்கும், டை ராடைக் கழட்டிட்டு ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பாத்து ஷிம்மை (இடைவெளிக்கு வைக்கற மெல்லிய தகடு) கூட்டிக் குறைக்கணும். கையால ஆட்டிப் பாத்து சரியா இருக்குன்னு சொல்ற வேலையில்ல இது, அந்த எண்ணு இல்லாம கிங்பின்ல கை வைக்க வேணாம். மேனுவல் கைக்கு வர்ற வரைக்கும் டயர், பேலன்சிங் வரை முடிச்சு வைங்க, ஆட்டம் வர்ற வேகத்துக்குக் கீழயே ஓட்டுங்க.